பிரிக்காத கவர்

மார்ச் 3

தம்பிக்கு அக்கா எழுதுவது.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வாரம் போனில் கரகரவென்று சத்தம் கேட்டதே, "லைன் சரியில்லடா, அப்புறம் பேசலாம்" என்று நான் வைத்தேனே, அது லைன் கோளாறு இல்லை. பிஸ்கட் பாக்கெட்டின் உறையைப் போன் பக்கத்தில் வைத்துக் கசக்கினேன். அதற்கு முந்தின வாரம் கேட்டதும் அதே உறைதான். இந்த வயதில் இப்படி ஒரு வேலை செய்தேன் என்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே மாதத்தில் பதினோரு தடவை போன் செய்து, பதினோரு தடவையும் "ஸ்கேன் எடுத்தியா, ஸ்கேன் எடுத்தியா" என்று நீ கேட்டால் நான் வேறு என்னதான் செய்வேன்? பிஸ்கட்டும் தீர்ந்துவிட்டது. அதனால்தான் கடிதம்.

உன் வயிற்றுக்குள் போகிற பெரிய ரத்தக்குழாயில் ஒரு இடத்தில் புடைப்பு இருக்கிறது என்று டாக்டர் கண்டுபிடித்ததில் எனக்கும் வருத்தம்தான். நான் என்னமோ சிரித்துக்கொண்டே திரிகிறேன் என்று நினைக்கிறாய். அந்தச் செய்தி வந்த அன்று ஒரு பஸ் சீட்டுக்கு உறையை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி தைத்துவிட்டேன். டெப்போவில் சீட் தைக்க வந்து இருபத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. ஆனால் "இது குடும்பத்தில் வருகிற கோளாறு, கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று அந்த டாக்டர் சொன்னதுதான் தாமதம், நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். உன் கூடப்பிறந்தது நான் ஒருத்திதான். தப்பிக்கவும் ஆள் இல்லை.

நான் பார்க்க மாட்டேன். எனக்கு ஐம்பத்துநான்கு. அம்மா போனது ஐம்பத்தைந்தில். துணி மடித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தாள், பாதிக் கதையில் போய்விட்டாள். மீதிக் கதை என்னவென்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பாதி வரைக்கும் சிரித்துக்கொண்டுதானே இருந்தாள்? ஒரு வருஷம் முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்த ஒரு வருஷமும் கதையும் இருந்திருக்காது, சிரிப்பும் இருந்திருக்காது.

உன் வீட்டுக்காரி சொன்னாள், நீ இப்போது வாளி தூக்குவதில்லையாம், குனிந்து செருப்பு மாட்டுவதில்லையாம், தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாயாம். தும்மலை அடக்கினால் அது எங்கேடா போகும்?

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

பிஸ்கட் உறை விஷயம் எனக்கு அன்றைக்கே தெரியும். லைன் கோளாறுக்கு நடுவில் யாரும் மெல்லும் சத்தம் வராது.

இனிமேல் போன் வேண்டாம். உன்னோடு பேசுவதற்கு முன்னும் பின்னும் மூன்று தடவை ரத்த அழுத்தம் அளந்து குறித்திருக்கிறேன். பேசுவதற்கு முன்: 128, 131, 127. பேசிய பின்: 149, 151, 158. கடைசி எண், நீ இரண்டாவது முறையாக உறையைக் கசக்கிய அன்று. டாக்டரிடம் காட்டினேன். "யார் சார் இவங்க?" என்றார். "அக்கா" என்றேன். "அப்ப எழுதிப் போடுங்க" என்றார். எனவே இனிக் கடிதம் மட்டும்.

கீழே உள்ளதை நிதானமாகப் படி. பட்டறையில் சத்தமாகப் படிக்காதே.

ஒன்று. அந்தக் குழாயின் அகலம் சாதாரணமாக இரண்டு சென்டிமீட்டர். எனக்கு 3.6. ஐந்தைத் தாண்டினால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். அதுவரை மாத்திரையும் வருஷத்துக்கு ஒரு ஸ்கேனும் போதும்.

இரண்டு. நான் இருபத்தேழு வருஷமாகக் குடிநீர் வாரியத்தில் குழாய்ச் சோதனை பார்க்கிறேன். தெருவுக்கு அடியில் ஒரு பெரிய குழாய் உப்பியிருந்தால் மேலே நடக்கிறவனுக்குத் தெரியாது. அவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு போவான். நான் முன்கூட்டியே பார்த்துவிட்டால் அந்த ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம். பார்க்காவிட்டால் ஒருநாள் தெரு இருக்காது.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. உன் கடிதத்தைத் திரும்பப் படித்ததில் கோபம் வந்து மறந்துவிட்டது.

தாய்மாமா பஸ் நிறுத்தத்தில் சுருண்டு விழுந்தது நினைவிருக்கிறதா? மாரடைப்பு என்றார்கள். யாரும் வயிற்றைப் பார்க்கவில்லை. அம்மாவுக்கும் பார்க்கவில்லை. உனக்கு ஒரு மணி நேர வேலை. வயிற்றில் பசை தடவி ஒரு கருவியை வைத்துத் தேய்ப்பார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. நீ பேச்சைக்கூட நிறுத்த வேண்டியதில்லை.

போய் வா.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

158 என்று பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஒரே ஒரு பிஸ்கட் உறையை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரத்தில் இருந்து செய்திருக்கிறேன்.

சத்தமாகப் படிக்காதே என்று எழுதியிருந்தாய். நான் படிக்கவில்லை. உன் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது, நான் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள், என் எழுத்தைத் தவிர யார் எழுத்தும் எனக்குப் புரியாது. எங்கள் வெல்டர்தான் படித்தார். அவருக்குக் காது மந்தம், எதையும் சத்தமாகத்தான் படிப்பார். இப்போது டெப்போ முழுக்க உன் குழாய் மூன்று புள்ளி ஆறு என்று தெரியும். டயர் மாட்டுகிறவர் வந்து, "தம்பிக்கு காத்து அதிகமா இருக்கும், கொஞ்சம் இறக்கிப் பாக்கச் சொல்லுங்கக்கா" என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர்.

சரி, இப்போது நான் சொல்வதைக் கேள். இங்கே ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு தேதி உண்டு. டிரைவர் கதவுக்கு உள்பக்கம் சின்னதாக எழுதியிருக்கும். அந்தத் தேதியோடு வண்டி கண்டம், உடைக்கப் போய்விடும். அப்படிப்பட்ட வண்டியின் சீட் தேதிக்கு இரண்டு வருஷம் முன்னால் என் மேசைக்கு வந்தால்கூட ஃபோர்மேன் பக்கத்தில் வந்து நிற்பார். "இதுக்கு எதுக்குக்கா புது ஸ்பாஞ்சு? பழசையே திருப்பி வச்சுத் தையுங்க. இன்னும் ரெண்டு வருஷம்தானே." நானும் திருப்பி வைத்துத் தைப்பேன். ஜன்னல் ஆடினால் அட்டையை மடித்துச் செருகுவார்கள். "இஞ்சின் கல்லு மாதிரி இருக்குக்கா" என்று டிரைவர் சத்தியம் செய்வார். யார் கேட்கிறார்கள்? தேதி தெரிந்த வண்டிக்கு யாரும் நல்ல சாமான் போடுவதில்லை. அது தேதி வருவதற்கு முன்னாலேயே பழைய இரும்பு ஆகிவிடும்.

இப்போது உன்னைப் பார். உன் வீட்டுக்காரி போனில் அழுகிறாள். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டாம் என்றாயாம். சட்டை எடுக்கக் கூப்பிட்டால் "எனக்கு எதுக்கு" என்றாயாம். சாயங்காலமானால் மல்லாந்து படுத்து விசிறியை எண்ணிக்கொண்டிருக்கிறாயாம். விசிறி ஒன்றுதானே இருக்கிறது, அதில் எண்ணுவதற்கு என்ன? பழைய ஸ்பாஞ்சைத் திருப்பி வைக்க ஆரம்பித்துவிட்டாய். இதற்குப் பெயர்தான் உயிரைப் பாதுகாப்பதா?

நான் நன்றாக இருக்கிறேன். நாள் முழுக்கக் குனிந்து தைப்பதால் முதுகு கொஞ்சம் பிடிக்கிறது, அவ்வளவுதான். உன் மாமா, என் வீட்டுக்காரர், நலம். ரொட்டி வண்டி ஓட்டப் போகிறார், வருகிறார், பேசுவதில்லை.

அக்கா


மார்ச் 29

அக்காவுக்கு,

பஸ் கதை படித்தேன். என் கேள்விக்குப் பதில் சொல். உங்கள் டெப்போவில் தினமும் காலையில் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்து பிரேக் பார்க்கிறாரா இல்லையா? அவரிடம் போய், "பாக்காதீங்க, தெரிஞ்சா வண்டி மனசு கஷ்டப்படும்" என்று சொல்வாயா? சொல்லிப் பார். அப்புறம் அந்த வண்டியில் நீயே முதல் சீட்டில் உட்கார்ந்து போ.

வெள்ளையடிப்பது என் வீட்டு விஷயம். விசிறியும்.

கடைசியில், போகிற போக்கில், முதுகு பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எத்தனை நாளாக? எந்த இடத்தில்? டயர்க்காரர் சொன்னதை நான்கு வரிக்கு எழுதுகிறவள் இதை மட்டும் ஏன் ஒரு வரியில் முடித்தாய்?

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அம்மா போவதற்கு முந்தின நாள் முதுகு வலிக்கிறது என்றாள். நான் வேலைக்குப் போயிருந்தேன். வீட்டில் இருந்தது நீ. "நாள் பூரா துவைச்சா வலிக்காம என்ன செய்யும், படும்மா" என்று சொல்லித் தைலம் தேய்த்துவிட்டாய். நீயே எனக்குச் சொன்னதுதான். நான் குற்றம் சொல்லவில்லை. அன்று நம் யாருக்கும் தெரியாது. ஆனால் இன்று தெரியும். இன்றும் நீ தைலத்தைத் தேய்த்துக்கொண்டு சிரிப்பது தைரியம் இல்லை, அக்கா. எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

குற்றம் சொல்லவில்லை என்று நீ எழுதியிருந்த இடத்தில் வெல்டர் படிப்பதை நிறுத்திவிட்டார். "மிச்சத்த நீங்களே படிச்சுக்கங்கக்கா" என்று கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க எனக்குச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஆனது.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுப் போய் ஸ்கேன் எடுத்துவிட்டேன். பசை சில்லென்று இருந்தது. கருவியைத் தேய்த்த பெண்ணுக்கு ஒரு இருபத்தைந்து வயது இருக்கும். திரையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, இங்க பாருங்க" என்று ஆரம்பித்தாள்.

"கண்ணு, நீ ஒண்ணும் சொல்லாத. கவர்ல போட்டு ஒட்டிக் குடுத்துரு."

"டாக்டர்கிட்ட காட்டணும்லம்மா?"

"காட்டுறவங்க காட்டுவாங்க. நீ நல்லா ஒட்டு."

ஒட்டின கவர் இதோடு இருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லாமல் மேலே இன்னொரு தடவை பசை போட்டிருக்கிறேன். உனக்குத்தானே தெரிய வேண்டும்? நீ தெரிந்துகொள். நீயே பூட்டி வைத்துக்கொள். நல்லது என்றாலும் எனக்குச் சொல்லாதே, கெட்டது என்றாலும் சொல்லாதே. இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது.

தைலம் அம்மா கேட்டாள், தேய்த்தேன்.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கவர் கிடைத்தது. நீங்கள் சொன்னபடி அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

போன கடிதத்தில் நான் எழுதியது தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கனமான ரெக்ஸின் சுருளை எல்லாம் நீங்கள் தூக்க வேண்டாம், வேறு யாரையாவது தூக்கச் சொல்லுங்கள். லீவு மீதம் இருந்தால் மாமாவோடு எங்கேயாவது போய் வாருங்கள். கடல் பார்க்க வேண்டும் என்று எப்போதோ சொன்னீர்கள்.

அன்புடன்
தம்பி


ஏப்ரல் 22

டேய்,

அந்தக் கவருக்குள் என்னடா இருக்கிறது?

பிறந்ததில் இருந்து நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டதே கிடையாது. என் காதை நீ கடித்து எனக்குத் தையல் போட வேண்டி வந்தபோதுகூடக் கேட்கவில்லை, அம்மா அடித்தும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறாய். நீங்கள் என்கிறாய். என்றைக்கு என்னை நீங்கள் என்றாய் நீ? முதலாளியம்மாவுக்கு எழுதுகிற மாதிரி. "அன்புள்ள" வேறு, "அன்புடன்" வேறு, முன்னாலும் பின்னாலும் அன்பு. கடல் பார்க்கச் சொல்கிறாய். சாகப் போகிறவளைத்தானே கடல் பார்க்கச் சொல்வார்கள்?

உன் வீட்டுக்காரிக்குப் போன் செய்து நைசாகக் கேட்டேன். "அவர் ஒண்ணும் சொல்லலண்ணி" என்று மூக்கை உறிஞ்சினாள். ஏன் உறிஞ்சுகிறாய் என்றால் ஜலதோஷமாம். வெயில் காலத்தில் ஜலதோஷம்.

சொல்லாதே என்று சொன்னது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் இருப்பதை ஒழுங்காகச் செய்யத் தெரிய வேண்டாமா? வழக்கம்போல நாலு திட்டு திட்டியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். உன் கடிதத்தை வெல்டரிடம் கொடுத்தேன், வரிக்கு நடுவில் ஏதாவது தெரிகிறதா பாருங்கள் என்று. அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கையெழுத்து இந்தத் தடவை நல்லாருக்குக்கா" என்றார். நீ பொறுமையாக எழுதியிருக்கிறாய் என்று அர்த்தம்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. என் செருப்பு வார் போன வாரம் அறுந்தது. கடைக்குப் போனேன். நல்ல ஜோடி ஒன்று, மூன்று வருஷம் உழைக்கும் என்றான் கடைக்காரன். மூன்று வருஷத்துக்கு நமக்கு எதுக்கு என்று ஒரு நினைப்பு வந்தது. பழைய வாரையே நான் என் மெஷினில் போட்டுத் தைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. கவரைப் பிரிக்காமலே எனக்கு நானே பழைய ஸ்பாஞ்சை வைத்துக்கொண்டேன்.

நல்லது என்றால் அடுத்த கடிதத்தில் என்னைத் திட்டு. கெட்டது என்றாலும் திட்டு. இல்லை, அப்படி என்றால் எனக்கு எப்படித் தெரியும்? இரு. யோசித்துவிட்டு எழுதுகிறேன். வேண்டாம், நீயே எழுது.

அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

உன்னைத் திட்டி நான்கு கடிதம் எழுதினேன். ஒன்றும் சரியாக வரவில்லை. வாரியத்தில் இருந்து தண்ணீர் வெட்டப்போகிறோம் என்று அனுப்புகிற அறிவிப்பு மாதிரி இருந்தன. கிழித்துவிட்டேன்.

கவரை நான் பிரிக்கவே இல்லை.

வந்த அன்றே கத்திரிக்கோல் எடுத்தேன். வைத்துவிட்டேன். மறுநாளும் எடுத்தேன். என்னுடையதை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்றபடியே கிழித்துப் படித்தவன் நான், பின்னால் வந்தவர்களுக்கு வழிகூட விடவில்லை. உன்னுடையதைத் தொட்டால் பிரிக்கக் கை வரவில்லை. ரத்த அழுத்தம், தொடுவதற்கு முன் 129, தொட்ட பின் 162. உன் சாதனையை உன் கவரே முறியடித்துவிட்டது. இப்போது அது ரத்த அழுத்தக் கருவி வைத்திருக்கிற இழுப்பறையில், கருவிக்கு அடியில் இருக்கிறது. உன் வீட்டுக்காரி என்று நீ சொல்கிறாயே, அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாளாம். நீ இரண்டாவது தடவை போட்ட பசைதான் தெரிந்ததாம். அவளுக்கு நிஜமாகவே ஜலதோஷம்.

நீங்கள் என்று ஏன் எழுதினேன் என்று கேட்டாய். கவர் எதிரே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உன்னை நீ என்று எழுத மனசு வரவில்லை. நீ போய்விட்டால் நான் யாரிடம் இப்படிச் சண்டை போடுவேன்? என்னைப் போனில் ஏமாற்ற யார் பிஸ்கட் வாங்குவார்கள்?

எங்கள் வாரியத்தில் சொந்த வீட்டுத் தெருவின் குழாயை அந்தத் தெருக்காரனே சோதிக்கக் கூடாது, வேறு ஆள்தான் வர வேண்டும். ஊழலுக்குப் பயந்து போட்ட விதி என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

விசிறி விஷயத்தில் நீ சொன்னது சரி. நான் எதையும் பாதுகாத்துக்கொண்டிருக்கவில்லை. அளந்துகொண்டு படுத்திருக்கிறேன். இரண்டு மாதமாகத் தெரு முனைக்குக்கூட நடக்கவில்லை. இந்தக் கவரை உனக்கே பதிவுத் தபாலில் போட இன்று நானே நடந்து போகிறேன்.

அம்மா விஷயத்தில் இன்னும் ஒன்று. நீ தைலமாவது தேய்த்தாய். நான் சாயங்காலம் வந்து, என்ன வலி என்றுகூடக் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். அதை யார்மேல் போடுவது என்று தெரியாமல் உன்மேல் போட்டேன்.

பிரிப்பதானால் பிரி, எரிப்பதானால் எரி. ஆனால் எது செய்தாலும் முதுகு வலிக்கு டாக்டரைப் பார்.

தம்பி


மே 9

தம்பிக்கு,

பிரிக்கவே இல்லையா? பதினைந்து நாளாக நான் சாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், நீ அதைக் கருவிக்கு அடியில் வைத்துப் படுத்திருக்கிறாயா? உன்னைப் பெற்றவளைச் சொல்ல வேண்டும் என்றால் என்னையும் அவள்தானே பெற்றாள். ஊருக்கெல்லாம் குழாய் பார்ப்பான், உப்பினால் ஆபத்து, வெட்டினால் நல்லது என்று மூன்று பக்கம் எழுதுவான், ஒரு கவரைப் பிரிக்கத் தைரியம் கிடையாது. என்னைக் கோழை என்று எழுதிய கை எது? அந்தக் கையை அனுப்பி வை.

கவர் சனிக்கிழமை வந்தது. சமையலறை மேசைமேல் வைத்துவிட்டு நானும் மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்தோம். "என்ன செய்யட்டும்?" என்றேன். "நீ பிரிச்சாலும் காபி போடப்போறேன், பிரிக்கலைன்னாலும் காபி போடப்போறேன்" என்று எழுந்து போனார். முப்பது வருஷத்தில் அவர் பேசின பெரிய வாக்கியம் அதுதான். பால் பொங்குகிற சத்தம் வந்ததும் ரெக்ஸின் வெட்டுகிற பிளேடை எடுத்துப் பிரித்தேன். தெரியாமலும் இல்லாமல் தெரிந்தும் இல்லாமல் இருந்த அந்தப் பதினைந்து நாளை இன்னொரு தடவை என்னால் இருக்க முடியாது, அதனால்தான். தைரியம் எல்லாம் இல்லை.

உள்ளே நீளநீளமாக வார்த்தைகள். எனக்குத் தெரிந்தது ஒரு எண்தான். 3.2. சென்டிமீட்டர் எனக்குத் தெரியாதா? டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். கோட்டுக்குத் தைக்கிற பெரிய பொத்தான் அளவு.

எனக்கும் இருக்கிறது, தம்பி.

அழுதேன். மாமா காபியை வைத்துவிட்டு எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த பிளேடை மட்டும் வாங்கி வைத்தார். திங்கட்கிழமை இரண்டு பேரும் டாக்டரிடம் போனோம்.

நான் உட்கார்ந்ததும் கேட்டேன். "எத்தனை வருஷம்னு சொல்லிருங்க டாக்டர். நான் பஸ் டெப்போவுல இருக்கேன், தேதி பாத்துப் பழக்கம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இதுல தேதி எதுவும் இல்லம்மா. இது அளவு. அடுத்த வருஷம் மறுபடி அளவு எடுப்போம். கூடியிருந்தா வேற யோசிப்போம், இல்லைன்னா வீட்டுக்குப் போய் வேலையப் பாருங்க. நீங்க என்ன வேலை செய்றீங்க?"

"சீட் தைக்கிறேன்."

"அப்ப அளவுன்னா உங்களுக்கு நான் சொல்லணுமா?"

இருபத்தாறு வருஷமாக அளவு எடுக்கிறேன். அளவு எடுப்பது சரியாகத் தைப்பதற்குத்தான், கண்டம் பண்ணுவதற்கு இல்லை. இது தெரியாமலா இத்தனை நாள் பிஸ்கட் உறையைக் கசக்கினேன்?

முதுகு வலியைப் பற்றியும் கேட்டேன். அழுத்திப் பார்த்தார், குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார். அது குழாயால் இல்லையாம். எதில் உட்கார்ந்து தைக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு கால் உடைந்த மர ஸ்டூலில் என்றேன். "ஊருக்கெல்லாம் சீட் தைக்கிறவங்க நீங்களா?" என்றார். மாமா சிரித்தார். நான் முறைத்தேன்.

உனக்காகவும் கேட்டு வைத்தேன். நடக்கலாமாம், தினமும் நடக்க வேண்டுமாம். பீரோவைத் தூக்காதே, வாளியைத் தூக்கு. தும்மலை அடக்குவானா என் தம்பி என்றேன். "தாராளமா தும்மச் சொல்லுங்க" என்றார்.

தெரிந்துகொண்டதில் சந்தோஷமா என்று கேட்காதே, இல்லை. காலையில் முகம் கழுவும்போது ஒரு தடவை ஞாபகம் வருகிறது. அப்புறம் வேலை வந்துவிடுகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், உனக்கு 3.6, எனக்கு 3.2. சின்ன வயதில் இருந்து எல்லாவற்றிலும் பெரிய துண்டு உனக்குத்தான்.

அக்கா


மே 17

அக்காவுக்கு,

கடிதம் படிப்பதற்கு முன் 126. படித்த பின் 144. சந்தோஷத்தினாலும் இருக்கலாம், கருவிக்கு வித்தியாசம் தெரியாது.

அழுதேன் என்று நீ எழுதிய வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். மற்றதை எல்லாம் ஒரு தடவை.

ஒரு எண்ணை மட்டும் எழுதி அனுப்பினால் என்ன அர்த்தம்? எந்த இடத்தில் 3.2? மேலா, கீழா, நடுவிலா? பக்கவாட்டு அளவு என்ன? ரிப்போர்ட்டில் எல்லாம் இருக்கும், நீ பொத்தானைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாய். என் டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். அசல் ரிப்போர்ட்டை, மடிக்காமல், அட்டை வைத்து, பதிவுத் தபாலில் உடனே அனுப்பு. இரண்டு நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வை, ஒன்றை மாமாவிடம் கொடு. நகல் எடுக்கும் முன் அனுப்பாதே. வெல்டரிடம் கொடுக்காதே. காபிக் கோப்பையை அதன்மேல் வைக்காதே. உன்னைத் தெரிந்துதான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது. ஐம்பத்துநான்கு வயதில் உடைந்த ஸ்டூலில் உட்கார்ந்து தைக்கிற ஒருத்தியிடம் வேறு எப்படிச் சொல்வது?

தினமும் பம்ப் நிலையம் வரை நடக்கிறேன். அடுத்த ஏப்ரலில் நீ இங்கே வா. இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் அளவு கொடுப்போம். வாசலில் யார் முதலில் பிரிப்பது என்று அங்கே வைத்துச் சண்டை போடலாம்.

வெள்ளையடிக்க நாளை ஆள் வருகிறார்கள்.

தம்பி


மே 24

தம்பிக்கு,

ரிப்போர்ட் கேட்டிருந்தாய். அது சம்பந்தமாக எழுதுகிறேன்.

மடிக்காமல் அனுப்பச் சொன்னாய். நான் ஏற்கெனவே நாலாக மடித்துப் பைக்குள் வைத்திருந்தேன். மடிப்பு போவதற்காக இன்று காலை என் மேசைமேல் விரித்து, அதன்மேல் ஒரு புது ஸ்பாஞ்சை வைத்தேன். சாப்பிட்டுவிட்டு நகல் எடுக்கப் போவதாக இருந்தேன். பதினொரு மணிக்கு ஒரு வெளியூர் வண்டி அவசரம் என்று வந்தது. அந்த ஸ்பாஞ்சை எடுத்துத் தைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மேசைமேல் ரிப்போர்ட் இல்லை. ஸ்பாஞ்சின் அடியில் பசை இருந்திருக்கிறது.

எட்டாவது வரிசை, ஜன்னல் பக்கம். நாலு பக்கமும் இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன், தண்ணீர் இறங்காது. வண்டி பன்னிரண்டேகாலுக்குக் கிளம்பிவிட்டது. ஆறு நாள் கழித்துத் திரும்பும். டிரைவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இப்போதைக்கு அதில் பருமனான ஒருவர் உட்கார்ந்திருக்கிறாராம், கடைசி நிறுத்தம் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறாராம்.

ஃபோர்மேனிடம் இன்னும் சொல்லவில்லை. சீட் நன்றாக வந்திருக்கிறது.

அக்கா